ஃபெனல், நூலா

ஃபெனல், நூலா (1935–2009): அயர்லாந்துக் குடியரசின் அரசியலர், இதழாளர், பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர். 1982 டிசம்பர் முதல் 1987 வரை பெண்கள் நலனுக்கும் குடும்பச் சட்டச் சீர்திருத்தத்துக்கும் பொறுப்பான இணையமைச்சராக இருந்தார்.

டப்ளின் நகரைச் சேர்ந்த ஃபெனல் பொதுவாழ்வுக்கு வந்த காலத்தில், அயர்லாந்தில் மணமான பெண்ணின் சட்டநிலை மிகத் தாழ்ந்திருந்தது. அரசுப் பணியிலிருந்த பெண் மணமானதும் வேலையை விட்டு விலகவேண்டும் என்ற விதி 1973 வரை நடப்பிலிருந்தது. குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகையைப் பெறும் உரிமை 1974 வரை தந்தைக்கே உரியதாயிருந்தது. கணவர் பெயரிலிருந்த வீட்டை மனைவிக்குத் தெரியாமலே அவர் விற்றுவிட முடிந்தது. 1937ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் மணமுறிவை முற்றாக விலக்கியிருந்ததால், கைவிடப்பட்ட மனைவிக்குப் பெயரளவில் கணவர் இருந்தார், பிழைக்க வழி இல்லை. 1970இல் டப்ளினில் உருவான அயர்லாந்துப் பெண்கள் விடுதலை இயக்கத்தின் தொடக்க கால உறுப்பினர்களுள் ஒருவரான ஃபெனல், அதன் தீவிரப் போக்கை ஏற்காமல் 1971இல் வெளியேறினார். இவ்விலகல் இயக்கத்துக்கு இழப்பாயினும் குடும்பச் சட்டத்துக்கு நன்மையாகவே முடிந்தது.

1972இல் அவர் தொடங்கிய எய்ம் என்னும் அமைப்பு, ஜீவனாம்சம், வீட்டுரிமை, இலவசச் சட்ட உதவி ஆகிய சிலவற்றையே கோரிக்கைகளாக எடுத்துக்கொண்டு, நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் இதழ்களிலும் இடைவிடாது வலியுறுத்தியது. அதன் பயனாக 1976இல் இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்றின்படி, ஜீவனாம்சம் தராத கணவரின் சம்பளத்திலிருந்து வேலை தருபவரே உரிய தொகையைப் பிடித்து நீதிமன்ற எழுத்தரிடம் செலுத்த, அது மனைவியைச் சென்றடைந்தது. வன்முறை புரியும் கணவரை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கும் ஆணையையும் அதே சட்டம் அறிமுகப்படுத்தியது. மற்றொன்று, குடும்ப வீட்டை விற்க மனைவி அல்லது கணவரின் எழுத்துமூல இசைவைக் கட்டாயமாக்கியது. அடிபட்டு வீட்டைவிட்டு வரும் பெண்களுக்கு அடைக்கல இல்லம் அமைக்கும் பணியிலும் ஃபெனல் முன்னின்றார்.

1977 பொதுத் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றபின் ஃபினெ கேல் கட்சியில் சேர்ந்த அவர், 1981இல் டப்ளின் தெற்குத் தொகுதியிலிருந்து டோல் எனப்படும் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அயர்லாந்தில் இணையமைச்சர் பதவி, முன்பிருந்த நாடாளுமன்றச் செயலாளர் பதவிக்கு மாற்றாக 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. முதலில் 10 பேர் என வரையறுக்கப்பட்டு, 1980இல் 15 ஆக உயர்த்தப்பட்டது. அமைச்சரவையில் இடம்பெறாத இணையமைச்சர், துறையின் முழு அமைச்சருக்குக் கட்டுப்பட்டவர். எனவே, தாம் விரும்பும் மசோதாவுக்கு முதலில் அந்த அமைச்சரின் இசைவையும் பிறகு அமைச்சரவையின் ஒப்புதலையும் பெற்றாக வேண்டும். பிரதமர் காரெட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1982இல் ஃபெனலைப் பிரதமர் துறை, நீதித்துறை ஆகிய இரண்டிலும் இணையமைச்சராக அமர்த்தியபோது, பெண்கள் நலனுக்கெனத் தனிப் பொறுப்பு உருவானது; ஆனால் அதற்கேற்ற அதிகாரம் தரப்படவில்லை.

அந்த வரம்புக்குள்ளும் அவர் பதவிக்காலம் பயனுடையதாகவே இருந்தது. மனைவியின் சட்டப்படியான உறைவிடம் கணவருடையதே எனக் கொள்ளும் பழைய விதியால், இங்கிலாந்தில் நிலையாகக் குடியேறி அங்கு மணமுறிவு பெற்ற கணவரின் தீர்ப்பு, அயர்லாந்திலேயே வாழ்ந்த மனைவியையும் கட்டுப்படுத்தி வந்தது; 1986ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விதியை நீக்கியது. மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைகளுக்கும் சம வாரிசுரிமை வழங்கும் சட்டத்துக்கான பணி அவர் காலத்தில் நடந்து, 1987 டிசம்பரில் அடுத்த ஆட்சியில் நிறைவேறியது. மணமுறிவுத் தடையை நீக்க 1986 ஜூன் 26 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தோரில் சுமார் 63.5 விழுக்காட்டினர் எதிர்த்தனர். சொத்தும் ஓய்வூதியமும் பறிபோகும் என்று மனைவியரிடையே பரப்பப்பட்ட அச்சம் இத்தோல்விக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும். அத்தடை 1995 வாக்கெடுப்பில் மிகச் சிறு வேறுபாட்டில் நீங்கியது.

1987 தேர்தலில் தோற்ற ஃபெனல் 1989 வரை மேலவையிலும், பின்னர் 1992 வரை மீண்டும் கீழவையிலும் உறுப்பினராக இருந்தார். 2009 ஆகஸ்டு 11 அன்று காலமானார்.