பனிக்காலத்தில் காயும் மூக்கு: தலையணையில் இரத்தம் கண்டால் மறைக்க வேண்டாம்

தை மாதத்து ரொறன்ரோ. வெளியே மைனஸ் 10 பாகை. வீட்டினுள் ஹீட்டர் 22 பாகையில் ஓடிக்கொண்டிருக்கிறது. தாயகத்திலிருந்து பிள்ளையிடம் வந்திருக்கும் அம்மா அதிகாலையில் எழும்புகிறார். மூக்கினுள் மிளகாய்த்தூள் பட்டதுபோல எரிவு. தலையணை உறையில் இரண்டு சொட்டு இரத்தம். பிள்ளைகள் எழும்புவதற்கு முன்னர் உறையைக் கழுவிக் காயப்போட்டு விடுகிறார். யாரிடமும் சொல்வதில்லை.

பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாது என்பது ஒரு காரணம். பார்வையாளராக வந்தவருக்கு மாகாண அரசின் மருத்துவக் காப்பு இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஷெல்லடிக்குள் வாழ்ந்தவருக்கு இரண்டு சொட்டு இரத்தம் ஒரு பொருட்டல்ல என்பது இன்னொரு காரணம். வேறு சிலருக்கோ இரத்தத்தைக் கண்டதுமே பழைய நினைவுகள் கிளம்பிவிடும். அதனாலேயே அவர்கள் அதைப்பற்றிப் பேச விரும்புவதில்லை.

பெரும்பாலும் இது இலகுவாகத் தீர்க்கக்கூடிய தொல்லைதான். ஆனால் அப்படி இல்லாத சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றைப் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிக் குளிரை விட வீட்டு வெப்பம்

குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. மைனஸ் 10 பாகையில் ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 2 கிராம் நீராவியே இருக்க முடியும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 22 பாகைக்குச் சூடாகும்போது 19 கிராம் வரை தாங்கக்கூடியதாகிவிடுகிறது. ஆனால் அதனிடம் இருப்பது அந்த 2 கிராம்தான். சமையல், குளியல், எங்கள் மூச்சு ஆகியவற்றால் சற்றுக் கூடினாலும், ஈரப்பதன் 20 வீதத்தை ஒட்டி நின்றுவிடுவது சாதாரணம். யாழ்ப்பாணத்தில் 70 வீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதனில் அறுபது ஆண்டுகள் மூச்சுவிட்ட மூக்குக்கு இது பெரிய மாற்றம்.

உள்ளே இழுக்கும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புவது மூக்கின் வேலை. ஒரு நாளில் 10,000 லீற்றருக்கு மேற்பட்ட காற்று அதன் வழியாகப் போகிறது. காற்று மிக வறண்டிருந்தால், மூக்கு தன் சவ்வில் உள்ள ஈரத்தை இழக்கிறது. சளிப்படலம் தடித்துப் பொருக்காகிறது, சவ்வு வெடிக்கிறது. மூக்கின் நடுச்சுவரின் முன்பகுதியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. பெரும்பாலான மூக்கு இரத்தக் கசிவுகள் இந்த இடத்திலிருந்தே வருகின்றன. பொருக்கை விரலால் தோண்டினால் காயம் ஆறாமல் திரும்பத் திரும்ப இரத்தம் வரும்.

முதலில் அறைக்கு ஈரம்

மலிவான ஈரப்பதன்மானி ஒன்றைப் படுக்கையறையில் வையுங்கள். 30 முதல் 50 வீதத்துக்குள் இருப்பது நல்லது. யன்னல் கண்ணாடியில் நீர் வடியத் தொடங்கினால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். அந்த நிலை நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஈரப்பதமூட்டி வாங்குவதாயின் குளிர்ந்த ஆவி விடும் வகை பாதுகாப்பானது. குழந்தைகள் உள்ள வீட்டில் கொதிநீர் வகை ஆபத்து. முடிந்தால் காய்ச்சி வடித்த நீரைப் பாவியுங்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்றி, தொட்டியைக் கழுவாவிட்டால் அதில் வளரும் கிருமிகளையே வீடெங்கும் தூவுகிறீர்கள்.

வாங்க வசதியில்லையா? கழுவிய உடுப்புகளைப் படுக்கையறைக் கொடியில் காயவிடுங்கள். ஹீட்டருக்கு அண்மையில் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள், ஆனால் மின்சார ஹீட்டரின் மேல் எதையும் வைக்கவோ போடவோ வேண்டாம். இரவில் வெப்பத்தை இரண்டு பாகை குறைத்து, இன்னொரு போர்வையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு மூக்குக்கு ஈரம்

மருந்தகத்தில் மருத்துவத் துண்டின்றி வாங்கக்கூடிய உப்புநீர் ஸ்பிறேதான் முதல் மருந்து. இதில் மருந்து எதுவும் இல்லை. ஒரு நாளில் பல தடவைகள், மாதக்கணக்கில் பாவித்தாலும் பழக்கமாகாது. படுக்கும்போதும் எழும்பியதும் கட்டாயம் அடியுங்கள்.

வீட்டிலும் தயாரிக்கலாம். ஒரு கோப்பை, அதாவது 240 மில்லிலீற்றர், கொதித்தாறிய நீரில் அயடின் சேர்க்காத உப்பைக் கால் முதல் அரைத் தேக்கரண்டி கரையுங்கள். குழாய் நீரை அப்படியே மூக்கினுள் விடவே கூடாது. அரிதாக அதில் இருக்கக்கூடிய அமீபா மூக்கு வழியாக மூளையைத் தாக்கலாம்.

நீரை அடிப்படையாகக் கொண்ட உப்புநீர் ஜெல் இரவு முழுவதும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சுத்தமான விரல் நுனியிலோ பஞ்சுக் குச்சியிலோ சிறிதளவு எடுத்து, மூக்குத் துவாரத்தின் முன்பகுதியில் மட்டும் பூசுங்கள். மூக்குத்தி அணிபவர்கள் அதன் உள்முனையைச் சுற்றிச் சேரும் பொருக்கை உப்புநீரால் ஊறவைத்து அகற்ற வேண்டும், கிள்ளக்கூடாது.

நல்லது என்று நினைத்துச் செய்யும் பிழைகள்

சித்தாலேப, விக்ஸ், கோடாலித் தைலம் ஆகியவற்றை மூக்கினுள் பூசாதீர்கள். வெடித்த சவ்வை அவை மேலும் எரிக்கும். சித்தாலேப, விக்ஸ் ஆகியவற்றில் உள்ள கற்பூரம் சவ்வு வழியாக உடலில் சேரும்.

நல்லெண்ணெயைச் சொட்டாக விடுவதும், வசலினை உள்ளே அள்ளிப் பூசிவிட்டு உடனே படுப்பதும் வேண்டாம். நீண்ட காலம் அப்படிச் செய்தால் எண்ணெய் சிறிது சிறிதாக நுரையீரலில் இறங்கி, அரிதாக ஒருவகை நியூமோனியாவை உண்டாக்கலாம். குழாய் மூலம் ஒட்சிசன் பெறுபவர் வசலினை மூக்கில் பாவிக்கவே கூடாது, அது தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

மூக்கடைப்புக்கான ஒக்ஸிமெற்றாசொலின், சைலோமெற்றாசொலின் ஸ்பிறேக்களை மூன்று நாட்களுக்கு மேல் தொடர்ந்து பாவித்தால் அடைப்பும் வறட்சியும் கூடும். ஊரிலிருந்து கொண்டுவரும் பிரிற்றன் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளும் மூக்கைக் காயவைப்பவை. தடிமன் இல்லாதபோது அவற்றைப் போட்டுப் பயனில்லை.

ஆவி பிடிப்பது சற்று இதம் தரும். ஆனால் கொதிநீர்ப் பாத்திரம் சரிந்து வெந்துபோகும் ஆபத்து உண்டு. வெந்நீரில் குளிக்கும்போது குளியலறையில் எழும் நீராவியே போதும்.

இரத்தம் வந்தால்

படுக்கவோ தலையை அண்ணாக்கவோ வேண்டாம். அப்படிச் செய்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தியை உண்டாக்கும். நிமிர்ந்து இருந்து தலையைச் சற்று முன்னே குனியுங்கள். எலும்புக்குக் கீழுள்ள மூக்கின் மெதுவான பகுதியை இரண்டு விரல்களால் இறுகப் பிடித்து, வாயால் மூச்சு விடுங்கள். மணிக்கூட்டைப் பார்த்து 10 முதல் 15 நிமிடங்கள் விடாமல் பிடிக்க வேண்டும். இடையில் திறந்து பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நின்றபின் அன்று முழுவதும் மூக்கைச் சீற வேண்டாம்.

30 நிமிடங்களில் நிற்காவிட்டால், அதிகமாகக் கொட்டினால், தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தால், தலைச்சுற்று வந்தால், தலையில் அடிபட்டபின் வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். வார்பரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவருக்கு இரத்தம் வந்தால், பிடித்துக்கொண்டே வைத்திய உதவியை நாடுங்கள். அஸ்பிரின் எடுப்பவருக்கும் எளிதில் நிற்காமல் போகலாம். ஆனால் வைத்தியரைக் கேளாமல் இந்த மருந்துகளை நிறுத்தக்கூடாது. மாரடைப்பும் பக்கவாதமும் மூக்கு இரத்தத்தை விடப் பெரிய ஆபத்துகள்.

ஒரு பக்கத்தில் மட்டும் தொடர்ந்து இரத்தமோ அடைப்போ துர்நாற்றமோ இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். போர்க்காலத்தில் முகத்திலோ மூக்கிலோ காயப்பட்டவர்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வளைந்த அல்லது துளைபட்ட நடுச்சுவர் உள்ள மூக்கு மற்றவர்களுடையதைவிட விரைவில் காயும், பொருக்குக் கட்டும்.

பிள்ளைகளுக்கு

கனடாவுக்குச் சுப்பர் விசாவில் வரும் பெற்றோரின் காப்புறுதி குறைந்தது 100,000 டொலருக்கும் ஓராண்டுக்கும் இருக்க வேண்டும். அது எதற்குப் பணம் தரும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு என்ன நிபந்தனை என்பதை நோய் வருவதற்கு முன்னரே வாசித்து, அவர்களுக்கும் விளக்குங்கள். மருந்தாளரிடம் ஆலோசனை கேட்கக் காசு தேவையில்லை. ஒன்ராறியோவில் 811 இலக்கத்தை அழைத்து எந்த நேரத்திலும் தாதி ஒருவருடன் கட்டணமின்றிப் பேசலாம்.

அம்மா அப்பாவின் கட்டிலருகே ஓர் உப்புநீர் ஸ்பிறேயை வையுங்கள். "மூக்கு எரியுதோ, இரத்தம் ஏதும் வந்ததோ?" என்று நீங்களாகவே கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.