மேலெழுத்தும் மீளா முறையீடும்

சென்னை மாகாணத்து நீதித்துறை வரலாற்றில் 1816ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். 1802இல் புகுந்த காரன்வாலிசு முறையில் வரி தண்டுபவர் ஒருவர். குற்றம் விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டு அதிகாரம் ஜில்லா நீதிபதியிடம் இருந்தது. தாமஸ் மன்றோவின் பரிந்துரைப்படி இயற்றப்பெற்ற 1816ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவ்வதிகாரத்தைக் கலெக்டரிடம் மாற்றின. அவருக்குக் கீழே தாசில்தார் வரிவசூல் அதிகாரியாகவும் காவல் தலைவராகவும் ஒருங்கே விளங்கினார். மன்றோ குடியானவரின் நிலையறிந்தவர். செலவு குறையும், நீதி ஊருக்கு அருகில் வரும் என்றே எண்ணினார். நீதி அருகில் வந்தது உண்மையே. ஆயின் வரிகேட்ட கையோடு வந்தது.

சென்னைச் சுதேசி சங்கத்தின் விண்ணப்பமும், டான்பி சீமோர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் நேரில் வந்து கண்டு சென்றதும், 1854இல் இலண்டனில் இது பேசப்படக் காரணங்களாயின. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் குழு 1855இல் அறிக்கை அளித்தது. குழுவிடம் வந்த முறையீடுகள் 1,959. அவ்வாங்கில அறிக்கையினுள் தமிழ்ச் சொற்கள் சில புகுந்து கிடக்கின்றன. விரல்களை இடுக்கி நெரிக்கும் 'கிட்டி' ஒன்று. கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணித்து வெயிலில் நிறுத்தும் 'அண்ணாந்தாள்' மற்றொன்று. அண்ணாத்தல் தலைநிமிர்தலைக் குறிக்கும் சொல். நடந்ததோ தலைகுனியக் கட்டுதல். நம் மொழி பிறநாட்டு ஆவணத்தில் ஏறிய வழிகளுள் இதுவும் ஒன்று.

துன்புற்றவன் எங்கே முறையிடுவது என்பதே மையமான வினா. கலெக்டரின் முகாம் தொலைவில். வழிச்செலவும் வேலை இழப்பும் ஏழைக்குத் தாளா. எழுதி அனுப்பினாலோ, தாசில்தாரின் விசாரணைக்கு என வழக்கமான மேலெழுத்துடன் மனு திரும்பிவிடும் என்ற அச்சம். எவர்மீது குற்றமோ அவர் கைக்கே அது சென்று சேரும். மேற்பார்வை இல்லாமலில்லை, மேற்பார்ப்பவருக்கும் கீழுள்ளவருக்கும் வரி ஒன்றே குறியாயிருந்தது. குழுவினர் பழியின் பெரும்பகுதியைச் சுதேசி ஊழியர்மீது சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளைப் பெரும்பாலும் விடுவித்தனர். இது ஏற்கத்தக்க முடிவன்று. வசூல் குறைந்தால் விளக்கம் கேட்டவர் எவர் என்று அறிக்கை அழுத்திக் கேட்கவில்லை. 1857இல் நியூயார்க் இதழொன்றில் இவ்வறிக்கையை எடுத்தாண்ட கார்ல் மார்க்ஸ் அந்த மேலெழுத்தையும் விடாமல் சுட்டினார்.

1859ஆம் ஆண்டுச் சட்டம் காவலைத் தனித்துறையாக்கியது. 1862இல் சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியது. எனினும் கலெக்டரே மாவட்ட மாஜிஸ்திரேட்டாக நீடித்தார். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி முதல்வகுப்பு மாஜிஸ்திரேட்டின் தீர்ப்பின்மீது மேல்முறையீடு செஷன்ஸ் நீதிமன்றத்துக்குச் செல்லும். இரண்டாம், மூன்றாம் வகுப்பினரின் தீர்ப்புகளோ மாவட்ட மாஜிஸ்திரேட்டிடமே செல்லும். எளியோர் வழக்குகள் மிகுதியும் இக்கீழ்வகுப்பு மன்றங்களிலேயே நடந்தன.

நீதியையும் நிர்வாகத்தையும் பிரிக்குமாறு காங்கிரஸ் மாநாடுகள் ஆண்டுதோறும் தீர்மானம் இயற்றின. அரசியலமைப்பின் 50ஆம் உறுப்பு 1950இல் அதனை நெறியாக ஏற்றது. நீதித்துறை மாஜிஸ்திரேட்டுகளை உயர்நீதிமன்றத்தின்கீழ்த் தனியே நிறுத்திய புதிய நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மன்றோவின் சட்டங்களுக்கு அப்போது வயது 158.