ராணியும் ஆல்ட்ரிங்கமும் சந்தித்தார்களா?

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஒரு நாள் பிரிட்டிஷ் முடியாட்சியைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். நான் ஒரு கதையோடு ஆரம்பித்தேன். 1957ல் ஆல்ட்ரிங்கம் பிரபு என்ற பத்திரிகை ஆசிரியர் எலிசபெத் ராணியை எழுத்தில் வறுத்தெடுத்தார். ராணி கோபப்படாமல் அவரை அரண்மனைக்கு ரகசியமாக அழைத்து யோசனை கேட்டார். அவர் சொன்னதில் ஒன்றுதான் கிறிஸ்துமஸ் உரையைத் தொலைக்காட்சியில் நிகழ்த்துவது. அப்படி வந்ததுதான் இன்றுவரை தொடரும் வழக்கம். கூட்டத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வரலாற்று டீச்சர் மட்டும் கை தூக்கினார். "அரண்மனைக்குக் கூப்பிட்டாங்கன்னு எங்கே படிச்சீங்க தம்பி?"

படித்தேனா? வீட்டுக்கு வந்து குறிப்பேடுகளைப் புரட்டினேன். கட்டுரையைப் பற்றி இருந்தது, அவர் அடி வாங்கியது இருந்தது. சந்திப்பு மட்டும் எங்கும் இல்லை. பிறகுதான் உறைத்தது. நான் அதைப் படிக்கவே இல்லை. 2017 கிறிஸ்துமஸ் விடுமுறையில் அக்கா வீட்டு சோஃபாவில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். 'தி கிரவுன்' தொடரின் இரண்டாம் சீசன் அந்த டிசம்பர் 8ந் தேதி நெட்ஃப்ளிக்ஸில் வந்திருந்தது. அதில் ஐந்தாவது பகுதி 'மேரியனெட்ஸ்', அதாவது கயிற்றுப் பொம்மைகள். ஜான் ஹெஃபர்னன் ஆல்ட்ரிங்கமாக நடித்திருந்தார், கிளேர் ஃபாய் ராணியாக. ஒரு அறை, இரண்டு முகம், சங்கடமான மௌனம். அபாரமான காட்சி. ஆனால் அப்படி ஒரு சந்திப்பு நடக்கவே இல்லை. நாடகாசிரியர் பீட்டர் மார்கனின் கற்பனை அது.

பார்த்ததை எப்போது படித்ததாக மாற்றிக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அதனால் முதலிலிருந்து தேடிப் படித்தேன்.

பிரிட்டனில் கிறிஸ்துமஸ் அன்று மதியம் மூன்று மணி என்பது ஒரு தனிக் கணக்கு. வான்கோழி விருந்து முடிந்து வயிறு நிறைந்து குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருக்கும் நேரம். ஆனால் அந்த மூன்று மணி விருந்துக்காக வைத்ததில்லை. 1932ல் ஐந்தாம் ஜார்ஜ் சாண்ட்ரிங்கம் மாளிகையிலிருந்து முதல்முறை வானொலியில் பேசியபோது, சாம்ராஜ்யத்தின் பெரும்பாலான நாடுகளுக்குச் சிற்றலையில் நன்றாக எட்டும் நேரம் என்று தேர்ந்தெடுத்தது. உரையை எழுதிக் கொடுத்தவர் ரட்யார்ட் கிப்ளிங். சாம்ராஜ்யம் போய்விட்டது, அதன் நேர அட்டவணை மட்டும் தங்கிவிட்டது.

ஜார்ஜ் குரலாகத்தான் வந்தார். அவர் மகனும் குரல்தான். பேத்தி எலிசபெத்தும் முதல் ஐந்து வருடங்கள் கிறிஸ்துமஸுக்குக் குரலாகவே வந்தார். இத்தனைக்கும் 1953 ஜூன் 2ல் நடந்த அவருடைய முடிசூட்டு விழாவைப் பிரிட்டனில் சுமார் 2 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள். ஆக, முகம் பார்த்துப் பழகிய மக்களுக்கு வருடா வருடம் கிறிஸ்துமஸன்று முகம் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்.

இந்தப் பின்னணியில்தான் ஆல்ட்ரிங்கம் வருகிறார். இயற்பெயர் ஜான் கிரிக். 'நேஷனல் அண்ட் இங்கிலீஷ் ரிவ்யூ' என்ற சின்னப் பத்திரிகையின் ஆசிரியர். முடியாட்சியின் எதிர்காலம் பற்றி 1957 ஆகஸ்டில் ஒரு சிறப்பிதழ் போட்டார். அதில் அவர் எழுதிய கட்டுரைதான் வெடித்தது. ராணி பேசும் விதம் கழுத்து வலி தருகிறது, எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் பள்ளி மாணவத் தலைவி மாதிரி இருக்கிறது என்கிற ரீதியில் எழுதியிருந்தார். பத்திரிகைகள் அந்த வரிகளைத்தான் பிடித்துக்கொண்டன. அவர் உண்மையில் அதிகம் அடித்தது ராணியை இல்லை, சுற்றியிருந்த கூட்டத்தை. அரண்மனையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே வகை மேட்டுக்குடி ஆங்கிலேயர்கள், காமன்வெல்த் நாடுகளின் சாயலே அங்கே இல்லை என்பதுதான் அவருடைய புகார். பணக்கார வீட்டுப் பெண்களை வரிசையாக நிறுத்தி ராணியிடம் அறிமுகப்படுத்தும் சடங்கை 1945லேயே மூட்டை கட்டியிருக்க வேண்டும் என்றார். இத்தனையும் எழுதியவர் முடியாட்சி வேண்டும் என்று நினைத்தவர். அது பலருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள விரும்பவில்லை.

ஆகஸ்ட் 6ந் தேதி ராபின் டேயுடன் ஐ.டி.என். பேட்டியை முடித்துவிட்டு டெலிவிஷன் ஹவுஸ் வாசலில் இறங்குகிறார். 64 வயதான பர்பிட்ஜ் என்பவர், சாம்ராஜ்ய விசுவாசிகள் சங்கத்துக்காரர், நேரே வந்து கன்னத்தில் ஓங்கி ஒரு அறை. அது படமாகவும் பதிவாகியிருக்கிறது. ஆல்ட்ரிங்கம் என்ற பெயர் கொண்ட ஊரின் நகராட்சி, 'எங்களுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை' என்று அறிக்கை விட்டது. ஆனால் 'டெய்லி மெயில்' கருத்துக்கணிப்பு எடுத்தபோது, இளம் வாசகர்களில் அவரை ஏற்றுக்கொண்டவர்களே அதிகம்.

தொடரில் இந்த இளைஞர்களுக்கு இடமில்லை. மால்கம் மக்கரிஜும் இல்லை. அதே அக்டோபரில் ராணி அமெரிக்கா போன சமயம், இங்கிலாந்துக்கு ராணி தேவைதானா என்று அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் கேட்டு எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். (நம் பக்கத்து ஆள் என்றே சொல்லலாம். 1920களில் கேரளத்து ஆலுவாவில் கல்லூரி வாத்தியாராக இருந்தவர்.)

எல்லாவற்றையும்விடப் பெரிய விடுபடல் கனடா. 1957 அக்டோபர் 13ந் தேதி ஒட்டாவாவில் ராணி தொலைக்காட்சி கேமரா முன் உட்கார்ந்து நேரலையில் கனடா மக்களிடம் பேசினார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் முன்பே நடந்தது இது. முதல் தடவை கேமராவைப் பார்த்துப் பேசுகிற பதற்றத்தை அங்கேயே கடந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். நாடகத்துக்கு இது உதவாது. சாண்ட்ரிங்கம்தான் முதல் கண்டமாக இருந்தால்தானே காட்சி நிற்கும்?

டிசம்பர் 25. சாண்ட்ரிங்கம் மாளிகையின் நீள நூலக அறை. நேரலை, சுமார் ஏழு நிமிடம். இன்றும் இணையத்தில் பார்க்கலாம். தாத்தா முதன்முதலில் வானொலியில் பேசி 25 வருடம் ஆகிறது என்று நினைவுபடுத்துகிறார். பிறகு, உங்களில் பலருக்கு நான் எட்டாத தூரத்தில் இருக்கும் ஆளாகத் தெரிவது இயல்புதான், இன்றைக்குச் சில நிமிடங்களாவது என் வீட்டுக்குள் உங்களை வரவேற்கிறேன் என்கிற பொருளில் பேசுகிறார். ஆகஸ்டில் வந்த அத்தனை கூச்சலுக்கும் பெயர் சொல்லாத பதில் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசியில் ஜான் பன்யன் நூலிலிருந்து ஒரு பகுதியை வாசிக்கிறார். நம் ஊர் கிறித்தவக் குடும்பங்களில் 'மோட்ச பிரயாணம்' என்று பழகிய அதே நூல்.

அன்றைக்கு ஒரு வேடிக்கையும் நடந்தது. சூரியப் புள்ளிகளின் ஆட்டத்தால் வானலைகள் குழம்பி, அமெரிக்கப் போலீஸ் வயர்லெஸ் பிரிட்டிஷ் தொலைக்காட்சிகளில் கலந்துவிட்டது. ராணி பேசிக்கொண்டிருக்க, "ஜோ, நான் ஒரு காபி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று ஒரு அமெரிக்கக் குரல் கேட்டிருக்கிறது. இதை ஒரு நாடகாசிரியர் எழுதியிருந்தால் ரொம்ப மிகை என்று நாமே வெட்டிவிடுவோம்.

சரி, கற்பனைச் சந்திப்பால் என்ன கெட்டுவிட்டது? இதைப் பல நாள் யோசித்தேன். மார்கனுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சந்திப்பு முழுப் பொய்யும் இல்லை. 1957ல் ராணியின் உதவி அந்தரங்கச் செயலராக இருந்த மார்ட்டின் சார்ட்டரிஸ், முப்பது வருடம் கழித்து ஈட்டனில் ஒரு கூட்டத்தில், முடியாட்சிக்குப் பெரிய சேவை செய்தீர்கள் என்று கிரிக்கிடமே பகிரங்கமாகச் சொன்னார். அரண்மனை அவர் பேச்சைக் கேட்டது என்பது உண்மை. அதை ஒரே அறைக்குள் அடைத்து, முப்பது வருடத்தை முப்பது நிமிடமாக்கிவிட்டார் மார்கன்.

ஆனால் அப்படி அடைக்கும்போது வரலாறு வேறு ஒன்றாகிவிடுகிறது. பத்திரிகைச் சண்டை, கருத்துக்கணிப்பு, கனடா ஒத்திகை எல்லாம் உதிர்ந்து, ஒரு நல்ல பிரபு ஒரு நல்ல ராணியிடம் சொன்னார், ராணி கேட்டார் என்று ஆகிவிடுகிறது. ராஜாவிடம் புலவர் இடித்துரைக்க ராஜா திருந்தினார் என்று பாட்டி சொல்லும் கதை மாதிரி. எனக்கும் கூட்டத்துக்கும் அவ்வளவு பிடித்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அதைவிட முக்கியம், மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. 1963ல் சட்டம் வந்த உடனேயே பட்டத்தைத் துறந்து வெறும் ஜான் கிரிக் ஆன மனிதர், 2001 டிசம்பர் 31ல் இறந்துவிட்டார். தொடர் வந்தபோது ராணி உயிரோடு இருந்தார், ஆனால் அவர் பேட்டியே கொடுக்காதவர். நாற்காலி அப்படி. ஒருவர் செத்துவிட்டார், இன்னொருவருக்கு வாய் இல்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்ன வசனம் வேண்டுமானாலும் எழுதலாம்.

வாய் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். 2022ல் ஐந்தாம் சீசன் வரப்போகிறது. 1991ல் சார்லஸ் தன்னிடம் ராணியின் பதவி விலகலைப் பற்றி ஜாடையாகப் பேசியதாக ஒரு காட்சி வருகிறது என்று தெரிந்ததும், முன்னாள் பிரதமர் ஜான் மேஜர் தரப்பு அது பீப்பாய் நிறைய அபத்தம் என்று மறுத்தது. நடிகை ஜூடி டென்ச் 'தி டைம்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதினார். அதற்கப்புறம் நெட்ஃப்ளிக்ஸ் முன்னோட்டத்தின் கீழ், இது கற்பனை கலந்த நாடகம் என்று ஒரு வரி சேர்த்தது. கிரிக்குக்காக ஒருவரும் கடிதம் எழுதவில்லை. காட்சி அவருக்குப் பெருமை சேர்ப்பதாக இருந்ததும் ஒரு காரணம். நம்மைப் புகழும் பொய்யை யார் திருத்தப் போகிறார்கள்?

இதற்கு நேர் தலைகீழாக ஒன்றும் உண்டு. 1969 ஜூனில் பி.பி.சி. 'ராயல் ஃபேமிலி' என்ற ஆவணப்படத்தைக் காட்டியது. ராணி குடும்பம் சமைப்பது, சாப்பிடுவது, சிரிப்பது எல்லாம் வந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அதையே மறுபடி காட்டினார்கள். வீட்டுக்குள் இவ்வளவு பார்த்த பிறகு உரை வேறு எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ, ராணி அந்த ஆண்டு பேசாமல் எழுத்தில் மட்டும் செய்தி விடுத்தார். பின்னாளில் அரண்மனை அந்தப் படத்தைப் பூட்டி வைத்துவிட்டது. 2021 ஜனவரியில் யூட்யூபில் கசிந்தது, உடனே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அந்தப் படம் எடுக்கப்பட்ட கதை 'தி கிரவுன்' மூன்றாம் சீசனில் இருக்கிறது. அதில் பிலிப்பின் தாயார் ஆலிஸை ஒரு 'கார்டியன்' நிருபர் பேட்டி எடுக்கிறார். நிருபரும் கற்பனை, பேட்டியும் கற்பனை. நிஜ ஆலிஸ் 1969 டிசம்பர் 5ல் இறந்துபோனார். ஆக, உண்மையான மனிதர்கள் கேமரா முன் தாங்களாகவே நடித்த படம் பெட்டிக்குள் இருக்கிறது, அதை நடிகர்கள் நடித்துக் காட்டிய படம் எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. இந்த விஷயத்தில் நெட்ஃப்ளிக்ஸை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆவணத்தைப் பூட்டினால் அந்த இடத்தில் நாடகம் வந்து உட்காரத்தான் செய்யும்.

2020 கிறிஸ்துமஸில் சேனல் 4 இன்னும் ஒரு படி போனது. 1993லிருந்து ராணி உரைக்குப் போட்டியாக ஒரு 'மாற்று உரை' போடுவது அவர்கள் வழக்கம். அந்த வருடம் டீப்ஃபேக் ராணி. குரலும் நடிப்பும் டெப்ரா ஸ்டீஃபன்சன், முகம் கணினி. ராணி மேஜை மேல் ஏறி ஆடினார். கடைசியில் திரையை விலக்கி, இது போலி என்று அவர்களே காட்டிவிட்டார்கள். பொய்ச் செய்தி பற்றி எச்சரிக்கத்தான் செய்தோம் என்றார்கள். ஒழுங்குமுறை ஆணையத்துக்கு நூற்றுக்கணக்கில் புகார் போனது. நான் புகார் செய்திருக்க மாட்டேன். மேஜை மேல் ஆடும் ராணியை யாரும் வாசகர் வட்டத்தில் வரலாறு என்று சொல்லப்போவதில்லை. நல்ல வெளிச்சத்தில், நல்ல நடிகர்களோடு, மெதுவாகப் பேசும் காட்சிதான் என்னை ஏமாற்றியது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, போன தடவை நான் சொன்ன சந்திப்பு நடக்கவில்லை, அது டி.வி.யில் பார்த்தது என்று சொன்னேன். கொஞ்சம் சிரித்தார்கள். ஒருத்தர், "ஆனா நல்ல கதை சார்" என்றார்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ வாசல்ல வெச்சு அறைஞ்சாங்களே, அதுவும் சீரியல்தானா?"

"இல்ல டீச்சர். அது நிஜம். கேஸ் கோர்ட்டுக்கே போச்சு. நாட்டுல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு அந்தக் கட்டுரை மேல அருவருப்புன்னு மாஜிஸ்டிரேட்டே சொல்லிட்டு, அடிச்சவருக்கு 20 ஷில்லிங் அபராதம் போட்டாரு."

"ஒரு பவுன்," என்றார் டீச்சர். நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.