பெருவழியும் தெருவும்: நியூயார்க் நகரின் இரு போராட்டங்கள்

பழந்தமிழில் நெடுஞ்சாலைக்குப் பெருவழி என்று பெயர். கோவை வட்டாரத்துக் கல்வெட்டொன்று ‘இராசகேசரிப் பெருவழி’ என்று ஒரு பாதையைச் சுட்டுகிறது. சோழ மன்னனின் பட்டமே பாதைக்கும் பெயராகியிருக்கிறது. சாலைகளின் வரலாறு எங்கும் இவ்வாறே, அவற்றை அமைத்தவர்களின் வரலாறாக எழுதப்பட்டு வந்துள்ளது. சாலை வருமுன் அவ்விடத்தில் வாழ்ந்தவர்கள் யார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைக் கல்வெட்டும் சொல்வதில்லை, திறப்பு விழாப் பலகையும் சொல்வதில்லை.

இவ்வகையில் இருபதாம் நூற்றாண்டின் நியூயார்க் ஒரு விதிவிலக்கு எனலாம். அங்கே சாலைக்கு எதிராகத் தெரு பேசியது. அப்பேச்சு நூல்களாகவும் நிலைத்தது. ஒரே நகரில், ஒரே மனிதரின் திட்டங்களை எதிர்த்து எழுந்த இரண்டு போராட்டங்களுள் ஒன்று தோற்றது, மற்றொன்று வென்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த மனிதர் ராபர்ட் மோசஸ் (1888-1981). அவர் ஒரேயொரு முறை, 1934-இல், நியூயார்க் மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். தேர்தல் வழியாக எந்தப் பதவியையும் அடையாத அவர் ஒரே காலத்தில் பன்னிரண்டு பதவிகள் வரை வகித்தார். மேயர்கள் மாறினர், மோசஸ் மாறவில்லை. பாலங்களில் வசூலான சுங்கப்பணம் அவருடைய அமைப்பின் கையில் இருந்தது. ஆகவே வாக்காளரையோ சட்டமன்றத்தையோ அவர் பெரிதாக நம்பியிருக்க வேண்டியதில்லை. பூங்காக்கள், கடற்கரைகள், நீச்சல்குளங்கள் எனப் பொதுமக்களுக்கு அவர் அளித்தவை ஏராளம் என்பதையும் மறுப்பதற்கில்லை. அவருக்கு எதிராக வாய்திறப்பது கடினமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

*

முதற் போராட்டம் பிராங்க்ஸ் பகுதியில் நடந்தது. 1948-இல் தொடங்கிய கிராஸ் பிராங்க்ஸ் அதிவிரைவுச்சாலை, நெருக்கமாக மக்கள் வாழ்ந்த பகுதிகளைக் குறுக்கே பிளந்து செல்வது. அதன் பாதையில் இருந்தது ஈஸ்ட் டிரிமான்ட். அங்கே வாழ்ந்தோர் பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதத் தொழிலாளர் குடும்பத்தினர், தையற்கூடங்களில் உழைத்தவர்கள். செல்வம் இல்லை, ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நல்ல வீடுகளும், நடந்து செல்லும் தொலைவில் பள்ளியும் கடையும் கோயிலும், பக்கத்தில் குரோட்டோனா பூங்காவும் இருந்தன.

1952 டிசம்பர் 4-ஆம் நாள் அவர்களுக்கு மோசஸின் கையொப்பமிட்ட கடிதங்கள் வந்தன. தொண்ணூறு நாட்களுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது செய்தி. ஒரு மைல் நீளப் பகுதிக்காக 54 அடுக்ககங்கள் இடிபடும். 1,530 குடும்பங்கள் வெளியேற வேண்டும்.

குடியிருப்போர் ஒன்றுகூடினர். முன்னின்றவர்கள் இல்லத்தரசிகள், அதுவரை எந்த மேடையும் ஏறாதவர்கள். சாலையே வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. பாதையைத் தெற்கே இரண்டு தெரு தள்ளி, பூங்காவின் ஓரமாகக் கொண்டு சென்றால் 19 குடும்பங்கள் மட்டுமே வெளியேறினால் போதும் என்று பொறியாளர்களின் துணையோடு வரைபடம் போட்டுக் காட்டினர். சாலையின் வளைவும் குறையும், செலவும் குறையும் என்று கணக்குக் காட்டினர். நகர மண்டபத்துக்குப் பேருந்துகளில் சென்று மணிக்கணக்கில் காத்திருந்தனர். 1953 மேயர் தேர்தலில் போட்டியிட்ட ராபர்ட் வாக்னர் அவர்களுக்கு ஆதரவாக வாக்களித்தார். வென்ற பின் அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. மோசஸ் தம் பாதையிலிருந்து ஓர் அடியும் நகரவில்லை. மாற்றுப்பாதையில் ஒரு பேருந்து நிறுவனத்தின் பணிமனை குறுக்கிட்டது என்பதை, இவ்வரலாற்றைப் பின்னாளில் எழுதிய ராபர்ட் காரோ சுட்டிக்காட்டுகிறார்.

கட்டடங்கள் இடிந்தன. சாலையின் பெரும்பகுதி 1963-இல் நிறைவுற்றது. எஞ்சிய வீடுகளில் இருந்தோரும் தூசியிலும் வெடிச்சத்தத்திலும் இருக்க மாட்டாமல் ஒவ்வொருவராக வெளியேறினர். பின்னாளில் தென் பிராங்க்ஸ் பகுதியே எரிந்தும் சிதைந்தும் போனதற்குச் சாலை ஒன்றே காரணம் என்று கூறுவது மிகை. வங்கிகள் கடன் மறுத்ததும், கட்டட உரிமையாளர்கள் கைவிட்டதும், 1970-களில் தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டதும் சேர்ந்தே அந்நிலையை உருவாக்கின. ஆயினும் முதல் விரிசல் சாலையால் விழுந்தது என்பதை மறுக்க முடியாது.

*

இரண்டாவது போராட்டம் மன்ஹாட்டனின் தென்பகுதியில் நடந்தது. அதன் முன்னுரை கிரீனிச் வில்லேஜில் உள்ள வாஷிங்டன் சதுக்கப் பூங்கா. பூங்காவின் ஊடாகச் சாலை அமைக்க மோசஸ் 1950-களில் முனைந்தபோது, ஷர்லி ஹேய்ஸ் என்பவர் தலைமையில் அப்பகுதித் தாய்மார்கள் எதிர்த்தனர். இவர்களுடைய உத்தி ஈஸ்ட் டிரிமான்ட்டின் உத்திக்கு நேர்மாறானது. அகலம் குறைந்த சாலை, சுரங்கச் சாலை என்று எந்த மாற்றையும் இவர்கள் ஏற்கவில்லை. பூங்காவில் வண்டியே கூடாது. சோதனையாகச் சில காலம் மூடிப் பாருங்கள் என்றனர். 1958-இல் மூடினார்கள். நகரம் தேங்கி நின்றுவிடவில்லை. அந்நாளில் நாடா வெட்டும் விழாவுக்குப் பதிலாக நாடா கட்டும் விழா நடந்தது என்பது சுவையான செய்தி.

இப்போராட்டத்தில் பயின்று வந்தவர்தான் ஜேன் ஜேக்கப்ஸ் (1916-2006). கல்லூரிப் பட்டம் பெறாதவர், கட்டடக்கலை இதழொன்றின் ஆசிரியர் குழுவில் இருந்தவர், ஹட்சன் தெருவாசி. 1961-இல் அவர் எழுதிய ‘பெரும் அமெரிக்க நகரங்களின் மரணமும் வாழ்வும்’ என்னும் நூல் நகரமைப்புத் துறையையே உலுக்கியது. அதன் சாரத்தைத் தமிழ் வாசகருக்குச் சொல்லத் திண்ணை என்ற ஒரு சொல் போதும். வாசலில் அமர்ந்திருப்பவரும், கடைக்காரரும், சன்னல் வழியே பார்ப்பவரும் தெருவைக் காக்கிறார்கள். காவலரைவிட நன்றாகக் காக்கிறார்கள். மேலிருந்து பார்க்கும் திட்டக்காரருக்குக் குழப்பமாகத் தெரிவது, தெருவில் நிற்பவருக்கு ஒழுங்காகத் தெரிகிறது. பதிப்பாளர் நூலை மோசஸுக்கு அனுப்பிவைக்க, அவதூறு என்று எழுதி அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்து வந்தது கீழ் மன்ஹாட்டன் அதிவிரைவுச்சாலை. ஹாலண்ட் சுரங்கப்பாதையை மன்ஹாட்டன், வில்லியம்ஸ்பர்க் பாலங்களோடு இணைக்க, புரூம் தெருவழியே பத்துத் தடங்கள் கொண்ட உயர்த்தப்பட்ட சாலை. 1941-இலேயே வரைபடத்தில் ஏறிய திட்டம் இது. 1956-ஆம் ஆண்டின் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம் செலவில் 90 விழுக்காட்டை ஏற்றுக்கொண்டதும் உயிர்பெற்றது. சுமார் 2,000 குடும்பங்களும் 800-க்கு மேற்பட்ட வணிகங்களும் அகல வேண்டியிருந்தது. புரூம் தெருத் தேவாலயப் பாதிரியார் ஒருவர் தம் மக்களைத் திரட்டினார். ஜேக்கப்ஸைத் தலைமைக்கு அழைத்தார். இத்தாலியக் குடும்பங்களும் சிறு தொழிற்கூடக்காரர்களும் பழைய பட்டறைகளில் குடியேறியிருந்த ஓவியர்களும் ஓரணியில் நின்றனர். 1962 டிசம்பரில் நகரின் மதிப்பீட்டு வாரியம் திட்டத்தை ஒருமனதாக நிராகரித்தது.

திட்டம் மீண்டும் எழுந்தது. 1968 ஏப்ரல் 10 அன்று நடந்த பொதுவிசாரணையில், பேசுவோர் அதிகாரிகளை நோக்காமல் கூட்டத்தை நோக்கிப் பேசுமாறு ஒலிவாங்கி வைக்கப்பட்டிருந்தது. கேட்கப்படவே போவதில்லை என்பதற்கு அதுவே சான்று என்றார் ஜேக்கப்ஸ். மேடையேறி நடந்தார், மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். சுருக்கெழுத்துப் பொறியின் தாள்சுருள் கலைந்து சிதறியது. பதிவே இல்லையென்றால் விசாரணையும் நடக்கவில்லை என்று அவர் அறிவித்தார். கைது செய்யப்பட்டார், கலகம் செய்ததாகக்கூட வழக்குப் பதிந்தனர். 1969-இல் நகரம் திட்டத்தைக் கைவிட்டது. அன்று இடிபட இருந்த இரும்பு முகப்புக் கட்டடங்கள் நிறைந்த சோஹோ, 1973-இல் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

*

ஒன்று ஏன் தோற்றது, மற்றொன்று ஏன் வென்றது? காலம் மாறியிருந்தது என்பது ஒரு விடை. 1953-இல் மோசஸ் உச்சத்தில் இருந்தார். 1968-இல் அவருடைய பாலங்களின் ஆணையமே வேறோர் அமைப்போடு இணைக்கப்பட்டுவிட்டது. உத்தி மற்றொரு விடை. மாற்றுப்பாதையை முன்வைத்தவர்கள், சாலை தேவையே என்னும் அடிப்படையை ஒப்புக்கொண்டார்கள். அதன்பின் வாதம் நிபுணரின் களத்துக்குப் போய்விடுகிறது. ஒப்புக்கொள்ளாதவர்கள் வாதத்தைத் தம் தெருவிலேயே வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது விடை நம்மைப் போன்ற வாசகர்களைத் தொடுவது. கிரீனிச் வில்லேஜில் எழுத்தாளர்களும் இதழ்களும் இருந்தன. எலினார் ரூஸ்வெல்ட்டும் லூயிஸ் மம்ஃபோர்டும் குரல் கொடுத்தனர். ஈஸ்ட் டிரிமான்ட்டின் தையற்காரர்களுக்கு அது வாய்க்கவில்லை. அவர்களுக்கான எழுத்து, இருபது ஆண்டுகள் கழித்து, 1974-இல் காரோவின் ‘அதிகாரத் தரகர்’ நூலில் ஓர் அத்தியாயமாக வந்தது. 1982-இல் அப்பகுதியிலேயே வளர்ந்த மார்ஷல் பெர்மன், மார்க்ஸின் அறிக்கையிலிருந்து தலைப்பை எடுத்துக்கொண்டு எழுதிய நவீனத்துவம் பற்றிய நூலின் இறுதிப் பகுதியில், தம் இளமைக்காலத் தெருக்கள் பிளக்கப்பட்டதை எழுதினார். அவர் வெறும் ஒப்பாரி வைக்கவில்லை. முன்னேறி இவ்விடத்தை விட்டுப் போக வேண்டும் என்னும் கனவு அம்மக்களிடமே இருந்தது. சாலை அக்கனவின் மறுமுகம் என்கிறார். ஜேக்கப்ஸின் தெருவோவியம் அழகானது, ஆயினும் கறுப்பின மக்களின் நகரம் அதில் இல்லை என்றும் சுட்டுகிறார். இவ்விரு கருத்துகளையும் தவிர்த்துவிட்டு இவ்வரலாற்றைப் படித்தல் நேர்மையாகாது.

வென்ற தெருக்களின் கதையும் நாம் நினைப்பதுபோல் முடியவில்லை. சோஹோவிலும் வில்லேஜிலும் இன்று குடியேறப் பெருஞ்செல்வம் வேண்டும். அன்று போராடிய பட்டறைத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. புல்டோசர் செய்யாததை வாடகை செய்து முடித்தது. கிராஸ் பிராங்க்ஸ் சாலையோரத்திலோ ஆஸ்துமா நோய் மிகுந்திருக்கிறது. பள்ளத்தில் ஓடும் அச்சாலையின் சில பகுதிகளை மூடி மேலே பூங்கா அமைக்கலாமா என்று ஆராய 2022-இல் கூட்டாட்சி நிதி ஒதுக்கப்பட்டது.

ஜேக்கப்ஸ், மகன்களை வியட்நாம் போருக்கு அனுப்ப மனமின்றி, 1968-இல் டொராண்டோவில் குடியேறினார். அங்கும் ஸ்படைனா அதிவிரைவுச்சாலை அவர் வீட்டருகே வந்துகொண்டிருந்தது. அங்கும் எதிர்த்தார். 1971-இல் ஒண்டாரியோ அரசு அதனைக் கைவிட்டது. ஒரு தெருவைக் காத்தவர்க்கு அடுத்த தெருவும் காத்திருந்தது. ஈஸ்ட் டிரிமான்ட்டின் இல்லத்தரசிகளுக்கோ அந்த ஒரு தெருதான் இருந்தது. அவர்களுடைய வரைபடம் பிழையற்றது, கணக்கு சரியானது. அவர்களைப் பற்றி அன்றே எழுத ஒருவர் இருந்திருந்தால் சாலை இரண்டு தெரு தள்ளிப் போயிருக்குமா என்பது, எழுத்தின் ஆற்றலில் நம்பிக்கை உள்ளவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி என்று கருதுகிறோம்.