அச்சணந்தி தாயார் குணமதியார்

திண்டுக்கல் மாவட்டத்தில் பழநிக்கு அண்மையில் உள்ள ஐவர்மலை, பாண்டிய நாட்டுச் சமணத்தின் சிறப்புமிக்க சான்றிடம். சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் இங்குப் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுப்பித்தார். வழிபாட்டிற்கும் அடிகள் ஒருவரின் உணவிற்கும் 505 காணம் பொன் அளித்தார். அக்கல்வெட்டு இயக்கியரை ‘அவ்வை’ என்கிறது. அது அன்னையைக் குறிக்கும் சொல்.

இம்மலைச் சிற்பங்களின்கீழ்க் காணும் பெயர்களுள் ஒன்று அச்சணந்தி. வள்ளிமலை முதல் சிதறால் வரை பல குன்றுகளில் திருமேனிகள் செய்வித்த முனிவர் அவர்.

அவருடைய அன்னையின் பெயரை மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடிச் சமணர்மலையின் பேச்சிப்பள்ளத்தில் காணலாம். அங்குள்ள திருமேனி ஒன்றனை அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தார் என ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு கூறுகிறது. அரசர் புகழோ, கொடைப் பொன்னின் அளவோ அதில் இல்லை. தாய் என்னும் உறவும், குணமதியார் என்னும் பெயரும், செய்வித்த அறமும் மட்டுமே உள்ளன.

மனையையும் சுற்றத்தையும் நீத்தே ஒருவர் முனிவராகிறார். மகன் துறந்த உறவை அன்னை துறக்கவில்லை. அவர் பின்னே சென்று அழைக்கவுமில்லை. மகன் மேற்கொண்ட பணியையே தாமும் மேற்கொண்டார். அதனால் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இருவர் பெயரும் ஒரே வரியில் நிற்கின்றன.

நம் இல்லங்களிலும் ஆரவாரமின்றி அறம் காத்த பாட்டியரும் அத்தையரும் பலர். அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. பெயர் அறிந்தோர் இருக்கும்போதே அப்பெயர்களை எழுதி வைத்தல் நம் கடன்.