இரங்கூன் நூலகங்களும் நம் வாசகசாலையும்

1989 முதல் யாங்கோன் என்று அரசாணைப்படி வழங்கப்பெறும் நகரத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் இரங்கூன் என்றே சொல்கின்றனர். அந்நகரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் துறைமுகம், அரிசி ஆலை, சுவேடகோன் பகோடா, கோவில் திருவிழா யாவும் வரும். அங்கிருந்த நூலகங்களைப் பற்றிய பேச்சு மட்டும் அரிதாகவே வருகிறது. நம் குடியிருப்பில் ஒரு வாசகசாலை அமைக்க வேண்டும் என்ற எண்ணம் மீண்டும் தலைதூக்கியுள்ள இவ்வேளையில் அவ்வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் நலம். ஏனெனில், நாம் செய்யப் புகும் செயலை அந்நகரத்து மக்கள் நமக்கு முன்பே பலமுறை செய்து பார்த்திருக்கின்றனர். எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதும் அங்கே தெளிவாகத் தெரிகிறது.

1931ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இரங்கூனில் வாழ்ந்தோர் 4,00,415 பேர். அவருள் 2,12,929 பேர் இந்தியர். அஃதாவது பாதிக்கும் மேற்பட்டோர். தமிழர், தெலுங்கர், வங்காளியர், குசராத்தியர் எனப் பலரும் கலந்து வாழ்ந்த அந்நகரில் அச்சகமும் இதழும் நூலும் செழித்ததில் வியப்பில்லை.

நகரத்தின் முதற்பெரும் பொதுநூலகம் 1883இல் தோன்றிய பெர்னார்டு இலவச நூலகம் ஆகும். அக்காலத்தில் பிரிட்டிஷ் பர்மாவின் தலைமை ஆணையராக இருந்த சார்லஸ் பெர்னார்டின் பெயரை அது தாங்கியது. அது தோன்றிய இரண்டே ஆண்டுகளில், 1885இல், மாண்டலே அரண்மனை ஆங்கிலேயர் வசமாயிற்று. மன்னர் தீபாவின் அரண்மனை நூலகம் படைவீரர் கையால் தீக்கிரையாயிற்று. ஓர் ஊரில் நூல்களைச் சேர்த்து வைத்த அதே ஆட்சியின் படைகளே இன்னோர் ஊரில் நூல்களை எரித்தன. அரசின் கையால் வளர்வது அரசின் கையாலேயே அழியவும் கூடும் என்பதற்கு இது முதற்சான்று.

அடுத்து வந்தது செல்வர் கொடையால் எழுந்த நூலகம். 1920இல் நிறுவப்பெற்ற இரங்கூன் பல்கலைக்கழகத்துக்கு 1929இல் நூலகம் அமைந்தது. அதற்குரிய கட்டிடம் இராஜா ரெட்டியார் என்னும் தென்னிந்தியச் செல்வரின் நன்கொடையால் எழுந்தது. பர்மாவுக்குச் சென்ற நம்மவர் பொருள் ஈட்டினர் என்பதையே பலரும் எழுதுகின்றனர். ஈட்டியதில் ஒரு பகுதியை அந்நாட்டு மாணவர்களின் கல்விக்கு ஈந்தவரும் உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். ஆயினும் இந்த நூலகமும் இரண்டாம் உலகப்போரில் தப்பவில்லை. அதன் நூல்களிற் பெரும்பகுதி அழிந்தது.

மூன்றாம் வகை, வாசகர்கள் தாமே கூடி அமைத்தது. 1937இல் இரங்கூனில் 'நாகனி' என்னும் நூற்கழகம் தொடங்கப்பெற்றது. செந்நாகம் என்பது அப்பெயரின் பொருள். 1936இல் இலண்டனில் தோன்றிய இடதுசாரி நூற்கழகமே அதற்கு முன்மாதிரி. பின்னாளில் விடுதலை பெற்ற பர்மாவின் முதல் தலைமையமைச்சரான ஊ நூவும், பொதுவுடைமைத் தலைவரான தாகின் தான் துனும் அதன் நிறுவனர்களுள் இருந்தனர். உறுப்பினர் கட்டிய சந்தாவைக் கொண்டு உலக அரசியல், விடுதலைப் போராட்டம் பற்றிய நூல்கள் பர்மிய மொழியில் எளிய விலையில் வெளிவந்தன. செல்வர் எவர் தயவுமின்றி, பலர் கொடுத்த சிறு தொகையால் நடந்த முயற்சி அது.

அதே 1937ஆம் ஆண்டில்தான் இரங்கூனிலிருந்து 'ஜோதி' என்னும் தமிழ் மாத இதழ் வெளிவரலாயிற்று. அதன் ஆசிரியர் வெ. சாமிநாத சர்மா. திரு. வி. க.வுடன் 'தேசபக்தன்', 'நவசக்தி' இதழ்களில் பணியாற்றிய பெருமகனார் அவர். கிரேக்க அறிஞர் பிளேட்டோ முதல் அக்கால ஐரோப்பிய அரசியல் தலைவர்கள் வரை தமிழருக்கு அறிமுகம் செய்துவைத்தவர். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு கோட்டையூர் ஏ. கே. செட்டியார் அதே நகரில் 'தனவணிகன்' இதழை நடத்தினார். பின்னர் உலகம் சுற்றிக் காந்தியடிகளின் ஆவணப் படத்தை எடுத்தவர் அவரே. கடல் கடந்த ஒரு நகரில் தமிழ் எழுத்து அவ்வளவு உயரத்தில் இருந்தது.

1941 டிசம்பர் 23 அன்று சப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சுத் திங்களில் நகரம் வீழ்ந்தது. இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். சாமிநாத சர்மாவும் துணைவியார் மங்களத்துடன் நடந்தே தாயகம் சேர்ந்தார். அந்நடைப் பயணத்தைப் பின்னர் நூலாகவும் எழுதினார். நடந்து வந்தவர் நூல்களைச் சுமந்து வர இயலுமா? குழந்தையைத் தூக்குவதா, பெட்டியைத் தூக்குவதா என்று தவித்த மக்கள், அச்சிட்ட தாள்களை வீட்டிலேயே விட்டுப் புறப்பட்டனர். தமிழர் இரங்கூனின் நூற்செல்வம் முதன்முறை சிதறியது அப்போதுதான்.

போர் முடிந்து, 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் நூலகங்கள் மீண்டும் தளிர்த்தன. 1952இல் அமைந்த தேசிய நூலகத்துக்குப் பழைய பெர்னார்டு நூலகத்தில் எஞ்சிய நூல்களே அடித்தளம் ஆயின. திரும்பிச் சென்ற நம்மவர்களும் கடைகளையும் பள்ளிகளையும் மீண்டும் திறந்தனர். 'ரசிகரஞ்சனி', 'தொண்டன்' முதலிய தமிழ் நாளிதழ்கள் வெளிவந்தன.

இரண்டாம் சிதறல் 1962க்குப் பிறகு நேர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு 2 அன்று படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதவை ஆயின. 1965இல் தனியார் பள்ளிகளும் அரசுடைமை ஆயின. 1966ஆம் ஆண்டின் முடிவுக்குள் பிறமொழி நாளிதழ்கள் நின்றுவிட்டன. கப்பலேறித் தமிழகம் வந்த நம்மவர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அரசு ஏடுகளில் நாம் 'தாயகம் திரும்பியோர்'. ஊர் வாயில் 'பர்மா அகதிகள்'. துணிமணியையும் பாத்திரத்தையும் கொண்டு வரவே வழியில்லாத நிலையில் நூல்களைக் கொண்டு வந்தவர் எத்தனை பேர்?

அங்கேயே தங்கிவிட்ட தமிழர் நிலை வேறு. பள்ளியும் இதழும் போனபின் தமிழெழுத்துக்குக் கோவில் வளாகமே புகலிடம் ஆயிற்று. விடுமுறை நாள்களில் அங்குக் கூட்டிவைத்து எழுத்தறிவித்த வகுப்புகளால்தான் அடுத்த தலைமுறையில் ஒரு சாராரேனும் தமிழ் படித்தனர். வகுப்பு இல்லாத ஊர்களில் தமிழ் பேச்சளவில் நின்றது. சில வீடுகளில் பேச்சும் மறைந்தது.

அக்கொடுங்காலத்தில் பர்மிய மக்கள் தம் வாசிப்பை எங்ஙனம் காத்தனர் என்பதே நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது. நூல்களும் இதழ்களும் 2012 வரை தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. ஆனால் தெருத்தோறும் வாடகைக்கு நூல் தரும் சிறு கடைகள் இருந்தன. ஒரு முன்பணம், ஒரு குறிப்பேடு, நாளுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு கட்டணம். அவ்வளவே முதலீடு. பன்ஸோடான் வீதி நடைபாதையிலும் 37ஆம் வீதியிலும் பழைய நூல்கள் கைமாறின. ஒருவர் வாங்கிய நூலை நூறு பேர் படித்தனர். பல்கலைக்கழக மைய நூலகத்தை 1969 முதல் 1997 வரை நடத்திய ஊ தா காங் பனையோலைச் சுவடிகளைத் தேடித் திரட்டிக் காத்தார்.

2008 மே மாதம் நர்கிசு புயல் ஐராவதி வடிநிலத்தைச் சிதைத்தது. இறந்தோரும் காணாமற் போனோரும் ஏறத்தாழ 1,38,000 பேர். அதன் பின்னரும் தன்னார்வலர் சிற்றூர் நூலகங்களுக்கு நூல் திரட்டினர். 2013இல் தோ கின் சீ அறக்கட்டளை நடமாடும் நூலகத்தைத் தொடங்கியது. 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப்பின் அவ்வறக்கட்டளையின் பெயரே வழக்குகளில் இழுக்கப்பட்டது. பெரிய பெயரைச் சார்ந்த நூலகம் அப்பெயருக்கு வரும் இடரையும் சேர்த்தே தாங்க வேண்டியிருக்கிறது.

இவற்றால் விளங்குவது யாது? அரசு கட்டியதும் செல்வர் கட்டியதும் போற்றத்தக்கவையே. ஆனால் போர் வந்தபோதும் ஆட்சி மாறியபோதும் முதலில் வீழ்ந்தவை அவையே. பலர் கையில் சிறிது சிறிதாகப் பரவி இருந்தது மட்டுமே தப்பிப் பிழைத்தது. எனவே நம் வாசகசாலைக்குக் கட்டிடம் கிடைக்கட்டும், நன்கொடையாளர் வரட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. ஒரு வீட்டுத் திண்ணையும் ஒரு அலமாரியும் ஒரு குறிப்பேடும் போதும். வீட்டுக்கு ஒரு நூல், வாரத்துக்கு ஒரு கூட்டம், ஏழு நாளில் திருப்பித் தருதல் என்னும் மூன்று விதிகளோடு இம்மாதமே தொடங்கலாம். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சிறுவர் வாய்விட்டுப் படிக்கட்டும். அத்தோவின் சுவையை அறிந்த நம் பேரப்பிள்ளைகள் பாட்டனார் எழுதிய கடிதத்தைப் படிக்க இயலாமல் நிற்பது நமக்குப் பெருமையன்று.

இன்னொரு பணியும் உண்டு. அது காலத்தோடு செய்யவேண்டியது. ஏ. கே. செட்டியார் பிறந்த அதே கோட்டையூரில், விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா என்பவர் வாழ்ந்தார். பழைய கடைகளிலும் வீட்டுப் பரண்களிலும் தேடித்தேடி நூல், இதழ், திருமண அழைப்பு, நாடக அறிவிப்பு என ஒரு இலட்சம் அளவுக்குச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதைக்கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. தனி ஒருவர் பரணிலிருந்து எடுத்துவைத்த தாள்கள் இன்று உலக ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன.

நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளிலும் அத்தகைய தாள்கள் இருக்கக்கூடும். இரங்கூனில் அச்சான ஓர் இதழ், பள்ளிப் பாடநூல், கோவில் விழா அறிவிப்பு, கப்பல் சீட்டு, குடியேற்றச் சான்று எதுவாயினும் பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வாசகசாலைக்குக் கொண்டு வாருங்கள். படி எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தரலாம். அங்கு வாழ்ந்த பெரியவர்களை அருகமர்ந்து கேட்டு, அவர்கள் வாழ்ந்த தெருவின் பெயரையும் படித்த பள்ளியின் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எண்பதைக் கடந்த அவர்களிடம் அடுத்த ஆண்டு கேட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுதல் ஆகாது.

இருமுறை நம் நூல்களை வழியில் விட்டுவிட்டு வந்தோம். அவ்விரு முறையும் நமக்கு வேறு வழி இருந்ததில்லை. இப்போது எவரும் நம்மைத் துரத்தவில்லை. இனி இழப்போமாயின் அது நம் சோம்பலால் நேர்ந்த இழப்பே ஆகும். வரும் ஞாயிறு மாலை, ஆளுக்கொரு நூலுடன் கூடுவோமாக.