வெளிமான்: நம்ம வயக்காட்டிலிருந்து டெக்சாஸ் வரை ஒரு வேட்டையின் கதை

1/ போன வாரம் பெண்ணாடத்துத் தம்பி ஒருத்தர் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டார். அப்பாவோட சுகர் ரிப்போர்ட் பத்திப் பேசி முடிச்சதும், "சார், அடுத்த மாசம் டெக்சாஸ் போறோம். முதல் தடவையா ஆண்டிலோப் வேட்டை. ஏதாவது ஊசி போட்டுக்கணுமா?" என்றார்.

என்ன ஆண்டிலோப்னு கேட்டேன். "பிளாக்பக்னு போட்டிருக்கு சார்."

தம்பி, அது நம்ம ஊர் மான்!

2/ அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவா இங்கே எழுதறேன். நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

3/ முதல்ல ஒரு சின்ன அடிப்படை. தமிழ்ல எல்லாத்தையும் மான்னு சொல்லிடறோம். புள்ளிமான், கடமான் ஒரு வகை. கிளை கிளையா இருக்கும் அதன் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமான் வேறு குடும்பம். அதன் கொம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும், வாழ்நாள் முழுக்க விழாது. உள்ளே எலும்பு, மேலே கெரட்டின் உறை. அதாவது உங்க நகம் எதனால் ஆனதோ அதே பொருள். கொம்பை உரசிக் குடிச்சா பலம் வரும்னு யாராவது சொன்னா, நகத்தைக் கடிச்சுத் தின்னாலும் அதே பலம்தான்.

4/ 1758-ல் லின்னேயஸ் உயிரினங்களுக்குப் பெயர் வைத்த பட்டியலிலேயே இந்த மான் இருக்கு. இன்றைய அறிவியல் பெயர் ஆண்டிலோப் செர்விகாப்ரா. அந்தப் பேரினத்தில் இன்று உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஆண்டிலோப்னு சொல்ற புராங்ஹார்ன் உண்மையில் ஆண்டிலோப்பே கிடையாது. அதுக்கு நெருங்கிய உறவு ஒட்டகச்சிவிங்கி!

5/ நமக்கு இது புது விலங்கு இல்லை. புல்வாய் என்ற இந்த மானின் ஆணுக்கு இரலை, கலை என்ற பெயர்கள் உண்டுன்னு தொல்காப்பியம் மரபியலில் சொல்லுது. சங்கப் பாடல்களில் முல்லை நிலம் வந்தாலே இரலையும் வந்துவிடும். சோழர் காலச் சிவன் திருமேனிகளைப் பாருங்க: ஒரு கையில் மழு, இன்னொரு கையில் துள்ளும் மான்.

6/ இப்போ அந்தப் பெயரைக் கவனிங்க. வெளிமான். அது காட்டு மான் இல்லை, வெளியில் வாழும் மான். அடர்ந்த காட்டில் அதால் பிழைக்க முடியாது. புல்வெளி வேணும். தூரத்தில் வரும் ஆபத்து கண்ணில் படணும், பட்டதும் ஓட இடம் வேணும். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடும். மந்தைவெளி, மேய்ச்சல் புறம்போக்கு, தரிசுன்னு நாம சொல்ற நிலம்தான் அதன் வீடு.

7/ சரி, அந்தக் காலத்தில் இதை எப்படி வேட்டையாடினாங்க? ராஜாக்கள் சிவிங்கிப்புலியை வைத்து. பழக்கிய சிவிங்கியின் கண்ணை மூடி, மாட்டு வண்டியில் ஏற்றி, மந்தைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்கட்டை அவிழ்த்துவிடுவாங்க. தன் அப்பா அக்பர் 9,000 சிவிங்கிகளைச் சேர்த்ததாக ஜஹாங்கீர் எழுதியிருக்கார். அதே ஜஹாங்கீர், தான் ஆசையாய் வளர்த்த மன்ஸ்ராஜ் என்ற மான் செத்தபோது அதற்குச் சமாதி வைத்தார். லாகூருக்குப் பக்கத்தில் ஷேக்புராவில் ஹிரண் மினார் இன்றும் நிற்குது.

8/ தெற்கே திப்புவும் வேட்டைச் சிவிங்கிகள் வைத்திருந்தார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் அவை ஆங்கிலேயர் கைக்குப் போயின.

9/ சாதாரண ஜனங்களுக்கு இன்னொரு வழி. பழக்கிய ஆண் மானின் கொம்பில் சுருக்குக் கயிறு கட்டி, காட்டு மந்தைக்குள் அனுப்புவாங்க. அங்கிருக்கும் ஆண் சண்டைக்கு வரும். கொம்போடு கொம்பு மோதும்போது சுருக்கில் மாட்டிக்கும்.

10/ இனி எங்க துறைக்காரர் ஒருத்தர். தாமஸ் ஜெர்டன். 1836-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைக்கு உதவி அறுவை மருத்துவராக வந்தவர். பகலில் நோயாளிகள், மற்ற நேரமெல்லாம் பறவையும் விலங்கும். அவருடைய இந்தியப் பாலூட்டிகள் நூல் 1867-ல் வந்தது. அவர் காலத்தில் வெளிமான் இந்தியச் சமவெளிகளில் சர்வ சாதாரணம். வட இந்தியாவில் ஆயிரக்கணக்கான மான்கள் கொண்ட மந்தைகள் இருந்தன.

11/ அன்றைக்கு முதல்முறை வேட்டைக்குப் போகிற துரைக்குச் சொல்லப்பட்ட யோசனை ரொம்ப எளிது: ஒரு மாட்டு வண்டியும் உள்ளூர் வண்டிக்காரரும் போதும். உழவர்களையும் வண்டியையும் தினமும் பார்த்துப் பழகிய மான் அவற்றுக்கு மிரளாது. வண்டி மறைவில் நடந்துபோய்க் கறுத்த ஆணாகப் பார்த்துச் சுடு.

இதை யோசிச்சுப் பாருங்க. மான் நம்மை நம்பியது. அந்த நம்பிக்கைதான் வேட்டைக்காரரின் மறைவிடம்.

12/ 1912-ல் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில காலங்களில் சுடத் தடை விதிக்க அதில் வழி இருந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மாட்டு வண்டியின் இடத்துக்கு ஜீப் வந்தது. கூடவே ராத்திரியில் கண்ணைக் கூச வைக்கும் விளக்கு. ஓட்டத்தை நம்பி வாழும் விலங்கால் வெளிச்சத்திடமிருந்து ஓட முடியவில்லை.

13/ சிவிங்கி முதலில் போனது. 1947 வாக்கில் இன்றைய சத்தீஸ்கரில் கொரியா ராஜா மூன்றைச் சுட்டார். 1952-ல் சிவிங்கி இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிச்சாங்க. வெளிமான் 1947-ல் 80,000 இருந்து 1964-ல் 8,000 ஆனதாகப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு மதிப்பீடு உண்டு. 17 வருடத்தில் பத்தில் ஒரு பங்கு.

14/ 1967-ல் கோடியக்கரை சரணாலயம் வந்தது, முக்கியமா இந்த மானுக்காக. 1972-ல் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம். ஜெர்டன் இறந்தது 1872. சரியா 100 வருடம் கழித்து, அவர் சர்வ சாதாரணமாகப் பார்த்த விலங்கைக் காப்பாற்றச் சட்டம் தேவைப்பட்டது.

15/ இன்று அது முதல் அட்டவணை விலங்கு. வேட்டையாடினால் குறைந்தது 3, அதிகபட்சம் 7 வருடச் சிறை, அபராதம் தனி. 1998-ல் ஜோத்பூர் பக்கத்தில் இரண்டு வெளிமான்களைக் கொன்ற வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 2018-ல் 5 வருடத் தண்டனை விதிக்கப்பட்டது, பிறகு ஜாமீன் கிடைத்தது. அந்த வழக்கை 20 வருடம் விடாமல் பிடித்தவங்க பிஷ்னோய் கிராமத்து மக்கள்.

16/ டெக்சாஸுக்கு எப்படிப் போச்சு? 1932-ல் அங்கே கெர் கவுண்டியில் கொண்டுபோய் விட்டாங்க. தனியார் பண்ணைகளில் பெருகி, 1980-களிலேயே ஏறத்தாழ 20,000. வெளிநாட்டு விலங்கு என்பதால் வருடம் முழுக்க வேட்டைக்கு அனுமதி. காசு கட்டிச் சுடலாம்.

17/ கோபம் வருதா? ஒரு நிமிஷம். பாகிஸ்தானில் வெளிமான் அற்றுப்போனபோது, 1970-களில் லால் சுஹான்ரா பூங்காவுக்கு அதைத் திரும்பக் கொடுத்தது டெக்சாஸ்தான். வேட்டைக்காக வளர்த்தாலும், அவர்கள் அதுக்குப் புல்லும் வெளியும் விட்டாங்க.

நாம துப்பாக்கியைத் தடுத்தோம், சரிதான். வெளியை விட்டோமா? நம்ம பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பும் நெல்லும். சோறு போடும் நிலத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் மீதி இருக்கும் மேய்ச்சல் நிலத்தைக்கூடச் சும்மா கிடக்கிற இடம்னுதானே சொல்றோம்? கோடியக்கரையிலேயே சீமைக் கருவேலம் புல்லை மூடிக்கொண்டு வருது.

18/ மருத்துவரா ஒரு விஷயம் சொல்லணும். துரத்தப்பட்ட மான், காயமே இல்லாமலும் சாகும். அளவுக்கு மீறிய ஓட்டத்திலும் பயத்திலும் தசை சிதைந்து, அதன் நிறமி ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில நேரம் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சாவு. இடிபாட்டில் நசுங்கி மீட்கப்பட்டவர்களுக்கு நாங்க பார்க்கிற அதே பிரச்சினை. வீடியோ எடுக்க பைக்கில் விரட்டுவதும், நாயை ஏவி வேடிக்கை பார்ப்பதும் விளையாட்டு இல்லை. துப்பாக்கி இல்லாத வேட்டை.

19/ தம்பிக்கு என்ன சொன்னேன்? டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் போட்டுக்கோ. அங்கே சட்டப்படி சுடலாம், அது உன் முடிவு. ஆனா கொம்பை நினைவுப் பொருளா ஊருக்குக் கொண்டுவர நினைக்காதே. இங்கே உரிய சான்று இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

20/ இன்னொன்றும் சொன்னேன். அடுத்த லீவுக்கு வரும்போது அப்பாவைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம், நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியா கோடியக்கரை போ. மேற்கேதான் போகணும்னா சத்தியமங்கலம் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் இருக்கு. காலையிலேயே போய், தூரமா நின்னு பாரு.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்: "நம்ம ஊர்ப் பக்கமும் இருந்திருக்குமா சார்?"

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட நீங்களும் கேளுங்க. வெளிமானைப் பார்த்தவங்க இருந்தா, எந்த ஊர், எந்த வெளின்னு கீழே எழுதுங்க. படிக்கக் காத்திருக்கேன்.